சாவிக்கொத்தில் ஒரு விளக்கு: பட்டன் செல்லா, ரிமோட் செல்லா, சார்ஜ் ஏற்றுவதா?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக இறங்கி, கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. அந்த வாரத்தில், தெரு முழுக்க மின்சாரம் இல்லாத ஓர் இரவில், என் சாவிக்கொத்தில் தொங்கிய சிறிய டார்ச்சைத் திருகினேன். எரியவில்லை. செல்லை மாற்றலாம் என்று மூடியைத் திறக்கப் பார்த்தால் மரை இறுகிப் போயிருந்தது. மறுநாள் பகலில் இடுக்கியால் பிடித்துத் திறந்தபோது, உள்ளே இருந்த செல் வெள்ளை உப்புப் படிவத்தில் புதைந்து கிடந்தது. எட்டு மாதங்கள் அதைத் தினமும் பையில் சுமந்திருக்கிறேன். ஒரு முறைகூட மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

அன்று முதல் இந்தக் குட்டி விளக்குகளைப் பற்றி ஊன்றிப் படித்தும் வாங்கிப் பார்த்தும் வருகிறேன். அது தெரிந்து உறவினர்களும் கேட்கத் தொடங்கினார்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அண்ணி, முதுநகரில் மீன் வாங்கி விற்கும் அத்தை, சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகும் தம்பி ஆகிய மூவரும் கேட்டது ஒரே கேள்வி: எதை வாங்குவது? மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. காரணத்தை முழுதாக எழுதிவிட்டால் இன்னும் சிலருக்குப் பயன்படும்.

எதை வைத்து அளப்பது

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது லூமன் கணக்கு, அதாவது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு. வாங்குபவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதை மூன்றாவதாக வைக்கிறேன்.

முதல் கேள்வி, ஆறு மாதம் யாரும் சீண்டாமல் கிடந்த பிறகும் எரியுமா என்பது. வீட்டு டார்ச்சை அவ்வப்போது எடுக்கிறோம். அது மங்கினால் தெரிந்துவிடும். சாவிக்கொத்து விளக்கு அப்படியில்லை. சாவி கையில் இருக்கிறது என்பதாலேயே விளக்கும் சரியாக இருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி, அதற்கு யார் தீனி போடப் போகிறார்கள்? சிலருக்கு இரவில் எதையும் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பது பழக்கம். சிலர் வீட்டில் ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் வாங்கிய செல்கள் எப்போதும் மேசை இழுப்பறையில் இருக்கும். சிலர் இரண்டையும் செய்ய மாட்டார்கள். விளக்கை உங்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். விளக்குக்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்வோம் என்று நம்பி வாங்கியவர்களில் பெரும்பாலோர் மாற்றிக்கொண்டதில்லை.

மூன்றாவது, ஒளி. ஒரு மெழுகுவத்தி ஏறத்தாழ 12 லூமன் தருகிறது. பூட்டுத் துவாரத்தைத் தேட, மாத்திரை அட்டையைப் படிக்க 1 முதல் 5 லூமன் போதும். நடைபாதையில் பள்ளமும் பாம்பும் தெரிய 20 முதல் 40 வேண்டும். அதற்கு மேல் போகும்போது பணத்துக்கேற்ற பலன் குறைந்துகொண்டே வருகிறது. ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், இரண்டு மடங்கு தூரம் பார்க்க நான்கு மடங்கு ஒளி தேவை. 100 லூமன் விளக்குக்குப் பதில் 200 லூமன் வாங்கினால், ஒளிக்கற்றை ஒரே மாதிரி இருக்கும்பட்சத்தில், பார்வை எட்டும் தூரம் 1.4 மடங்குதான் கூடும்.

நான்காவது, நம் ஊர்க் காற்று. தேவனாம்பட்டினத்துக்கும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கும் அருகில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சன்னல் கம்பி, மின்விசிறித் திருகாணி, சைக்கிள் சங்கிலி எல்லாவற்றையும் உப்பு அரிக்கிறது. சாவிக்கொத்து விளக்குக்கு அத்தோடு வியர்வையும் சேர்கிறது. வெளியுடம்பு அலுமினியமாக இருந்து, மேலே கடினமான அனோடைஸ் பூச்சு இருந்தால் நன்றாகத் தாங்கும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் எஃகு ஸ்பிரிங்தான் முதலில் துருப்பிடிக்கிறது. தண்ணீருக்கு எதிரான காப்பை ஐ.பி.எக்ஸ். எண் சொல்லும்: 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் நீரில் விழுந்தால் உடனே குழாய் நீரில் அலசித் துடைத்துவிட வேண்டும்.

கடைசியாக எடை. இருசக்கர வாகனச் சாவியோடு கனமான கொத்து தொங்கினால், குலுங்கிக் குலுங்கிச் சாவித் துவாரம் தேயும். விளக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் வண்டிச் சாவியிலிருந்து பிரித்துவிடுங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி

நல்ல நிறுவனங்கள் எஃப்.எல். 1 என்ற தர அளவீட்டைப் பின்பற்றுகின்றன. அதில் இரண்டு விஷயங்கள் பலருக்கும் தெரிவதில்லை. எரியும் நேரம் என்பது, விளக்கைப் போட்டு 30 விநாடி கழித்து இருக்கும் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம். ஆகவே "300 லூமன், 90 நிமிடம்" என்றால் 90 நிமிடமும் 300 லூமன் கிடைக்கும் என்று பொருள் இல்லை. விரல் நீள உலோகத்தால் அத்தனை வெப்பத்தை வெளியேற்ற முடியாது. ஓரிரு நிமிடங்களில் விளக்கு தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். இரண்டாவது, ஒளி எட்டும் தூரம். அது 0.25 லக்ஸ் அளவுக்கு ஒளி விழும் இடம் வரை கணக்கிடுவது, அதாவது தெளிந்த வானில் முழுநிலவு தரும் வெளிச்சம் அளவு. அந்த வெளிச்சத்தில் ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. எழுதியிருக்கும் தூரத்தில் பாதியைப் பயன்படும் தூரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையிலும் இணையக் கடைகளிலும் விரல் அளவு விளக்குக்கு 2000 லூமன் என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை அப்படியே ஒதுக்கிவிடலாம். அந்த அளவு செல்லில் அதற்கான ஆற்றல் கிடையாது. எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்:

| செல் வகை | ஆற்றல் (சுமாராக) | செல்லின் எடை | மறந்து போட்டுவிட்டால் |
|---|---|---|---|
| பட்டன் செல், சி.ஆர். 2032 | 0.65 வாட் மணி | 3 கிராம் | ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும் |
| ரிமோட் செல், அல்கலைன் | 1.2 வாட் மணி | 11 முதல் 12 கிராம் | கசியலாம் |
| ரிமோட் செல், நிக்கல் ரீசார்ஜ் | 0.95 வாட் மணி | 12 முதல் 13 கிராம் | மெல்ல இறங்கும் |
| ரிமோட் செல், லித்தியம் (ஒருமுறை வகை) | 1.8 வாட் மணி | 8 கிராம் | ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும் |
| உள்ளேயே பொருத்திய 130 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் அயான் | 0.5 வாட் மணி | விளக்கோடு சேர்ந்தது | மெல்ல இறங்கும் |

ஒரு வாட் மின்சாரத்தில் நல்ல எல்.இ.டி. சுமார் 100 லூமன் தரும். அப்படியானால் 0.5 வாட் மணி என்பது 50 லூமனில் ஒரு மணி நேரம், அல்லது 1 லூமனில் இரண்டு நாள். இந்த ஒரு கணக்கு மனத்தில் இருந்தால் எந்தப் பெட்டியும் உங்களை ஏமாற்ற முடியாது.

கைபேசி இருக்கிறதே?

இருக்கிறது. அன்றாடத்துக்கு அது போதும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. கைபேசியின் பேட்டரியில் 18, 19 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. மேலே உள்ள எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வெளிச்சமும் ஏறத்தாழ 50 லூமன் வரும்.

அது கைவிடும் நேரம் வேறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சாய்ந்தன, கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நாட்களில் கைபேசியில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு சதவீதமும் ஓர் அழைப்பு. கழிவறைக்குப் போக, அடுப்பங்கரையில் தீப்பெட்டி தேட அதைச் செலவழிக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: மழையில் ஒரு கையில் குடை, மறு கையில் பை, முழங்கால் அளவு தண்ணீர் என்று நடக்கும்போது, பதினைந்தாயிரம் ரூபாய் பொருளைக் கையில் தூக்கிப் பிடித்து வழி பார்க்க மனம் வராது. சிறிய விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டுகூட நடக்கலாம்.

பட்டன் செல் விளக்கு

அமுக்கினால் எரியும், விட்டால் அணையும். சில வகைகளில் சிறிய சுவிட்ச் இருக்கும். பேன்சி ஸ்டோரில் தொங்கும் மலிவான பிளாஸ்டிக் விளக்கிலிருந்து, எல்.ஆர். 41 செல் நான்கு போட்டு 10 லூமன் தரும் ஸ்ட்ரீம்லைட் நானோ வரை இந்தக் குடும்பம்தான். எடை சில கிராம். சாவிக்கொத்தில் இருப்பதே தெரியாது.

மறந்துபோகிறவர்களுக்கு இதுவே தோழன். சி.ஆர். 2032 போன்ற லித்தியம் பட்டன் செல் சும்மா கிடக்கும்போது ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான் இழக்கும். அல்கலைன் போலக் கசிவதும் அரிது. குறை என்னவென்றால், அதன் உள்தடை அதிகம். ஆற்றல் 0.65 வாட் மணி இருந்தாலும் அதை வேகமாகக் கொடுக்க முடியாது. புதுச் செல் போட்ட முதல் சில நிமிடங்கள் பளிச்சென்று எரியும். பிறகு மங்கிக்கொண்டே போய் நீண்ட நேரம் மின்மினி போல ஒளிரும். பூட்டுக்கும் படிக்கட்டுக்கும் அது போதும். தெருவில் நடக்கப் போதாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. நல்ல பட்டன் செல்லை வாட்ச் கடையில் தனியாக வாங்கும் விலையில், சில சமயம் விளக்கையே வாங்கிவிடலாம். ஆகவே செல் தீர்ந்ததும் விளக்கையும் குப்பையில் போடும் வழக்கம் வந்துவிடுகிறது. அடுத்ததைச் செலவு என்று சொல்வதுகூடத் தவறு. அது ஆபத்து. 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் மாட்டிக்கொண்டால், எச்சிலோடு சேர்ந்து மின்னோட்டம் பாய்ந்து இரண்டே மணி நேரத்தில் தசையை அரித்துவிடும். தீர்ந்துபோன செல்லும் இதைச் செய்யும். மலிவு விளக்குகளில் மூடி நகத்தால் நெம்பினாலே திறக்கும். ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், திருகாணி போட்டு மூடாத பட்டன் செல் விளக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ரிமோட் செல் விளக்கு

டிவி ரிமோட்டில் போடும் சின்ன பென்சில் செல், அதாவது டிரிபிள் ஏ, ஒன்று போட்டு எரியும் வகை. என்னை அந்த இரவில் கைவிட்டதும் இதுதான். இப்போது என் சாவிக்கொத்தில் தொங்குவதும் இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இந்த வகைக்கு வயது அதிகம். மேக்லைட் சாலிடேர் பழைய இழை பல்போடு வந்த காலத்தில் இதே செல்லில் 2 லூமன்தான் தந்தது. இன்று அதே அளவு செல்லில் ஓலைட் ஐ3இ 90 லூமன் தருகிறது. செல் மாறவில்லை; விளக்கு முனைதான் மாறியது.

இதன் பெரிய பலம், தீனி எங்கும் கிடைக்கும் என்பது. மின்சாரம் இல்லாத ஊரில், பெட்டிக்கடையில், பக்கத்து வீட்டு ரிமோட்டில், சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கி வைத்ததில், எங்காவது ஒரு செல் இருக்கும். புயலுக்கு மறுநாள் எந்தச் சார்ஜரும் இதற்கு ஈடாகாது. விளக்கு பத்து ஆண்டு பழையதானாலும் செல் புதியதாக இருக்கும் என்பதும் சிறிய நன்மையல்ல.

பலவீனம், தவறான செல். கடைக்காரரிடம் "ரிமோட் செல்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது துத்தநாகக் கார்பன் செல். "ஹெவி டியூட்டி" என்று அதன்மேல் எழுதியிருக்கும். கேட்க வலுவான செல் போல இருக்கும். உண்மையில் அல்கலைனைவிட அதில் ஆற்றல் மிகக் குறைவு. அதன் துத்தநாக உறையே கரைந்துதான் மின்சாரம் வருகிறது என்பதால், தீர்ந்த பிறகு உறை ஓட்டையாகிக் கசியும்.

அல்கலைனும் கசியும். என் விளக்கில் நடந்தது அதுதான். பையில் உரசி விளக்கு தானாக எரிந்திருக்கிறது. செல்லின் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சப்பட்டிருக்கிறது. அப்படி முழுதாகத் தீர்ந்த செல்லுக்குள் ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் அடைப்பு விட்டுக்கொடுக்கிறது. வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகிறது. அது அலுமினியத்தையும் அரிக்கும். மரை இறுகிப்போன காரணம் அதுதான். உங்கள் விளக்கில் இப்படிக் கண்டால், பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள். காரத்தை அமிலம் முறிக்கும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்த வகையை வாங்குகிறவர்கள் செல்லையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்துக்கு மட்டும் என்றால், ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் டிரிபிள் ஏ. விலை பல மடங்கு. ஆனால் கசிவது மிக அரிது, எடையும் குறைவு, கிடங்கிலேயே பத்து ஆண்டுக்கு மேல் தாங்கும். தினமும் எரிப்பவர்களுக்கு, தானாக இறங்குவது குறைவான நிக்கல் ரீசார்ஜ் செல். நல்லதாக இருந்தால் ஓர் ஆண்டு கழித்தும் 80 சதவீதத்துக்கு மேல் மிச்சம் வைத்திருக்கும். அதற்குத் தனிச் சார்ஜர் வேண்டும். அதுதான் இந்த வகையின் மறைந்த செலவு. அல்கலைன்தான் போடுவேன் என்றால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றி ரிமோட்டுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. டிரிபிள் ஏ அளவிலேயே 10440 என்ற லித்தியம் அயான் செல் விற்கிறது. அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட். விளக்கின் கையேட்டில் அனுமதித்திருந்தால் ஒழிய அதைப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் சுற்று கருகிவிடலாம்.

முனையைத் திருகி எரியவிடும் வகைகளில் சுவிட்சே கிடையாது. கெட்டுப்போகும் பாகம் ஒன்று குறைந்தது. அணைந்திருக்கும்போது மின்சாரம் சொட்டுவதும் இல்லை. ஆனால் கை நடுங்கும் முதியவர்களுக்கும், மீன் கழுவிய ஈரக் கைக்கும் திருகுவது சிரமம். வளையம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். வளையம் அடிப்பகுதியில் இருந்தால், குலுங்கிக் குலுங்கி முனை முழுதாகக் கழன்று விழ வாய்ப்பு உண்டு. தானாக எரிவதைத் தடுக்க, அணைந்த பிறகும் அரைச் சுற்றுக் கூடுதலாகத் தளர்த்தி வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் உப்புக் காற்றும் மழையும் உள்ளே போகாது.

நான் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மின் கட்டணம் கட்டும் நாளில், மூடியைத் திறந்து பார்க்கிறேன். அரை நிமிட வேலை.

சார்ஜ் ஏற்றும் விளக்கு

உள்ளேயே சிறிய லித்தியம் அயான் பேட்டரி, பக்கத்தில் யு.எஸ்.பி. துவாரம். நைட்கோர் ட்யூப் இதற்குப் பழைய உதாரணம்: 9.6 கிராம் எடை, 45 லூமன், அடங்கி எரியும் நிலையில் 1 லூமன். பின்னால் வந்தவை சில நூறு லூமன் வரை போகின்றன.

கையில் எடுத்துப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் மனத்தைக் கவரும். இலேசானது, பளிச்சென்று எரிகிறது, செல் வாங்கும் வேலை இல்லை. பல நிலைகளில் எரிவதை நான் பெரிதாக மதிக்கிறேன். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. நள்ளிரவில் எழுந்து 100 லூமனைச் சுவரில் அடித்தால் அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும், தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்கள். ஒரு லூமன் விளக்குக்குக் குழந்தைகூட அசையாது.

தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை என்றே சொல்வேன். தினமும் பயன்படுத்தினால் எப்போது மங்குகிறது என்று தெரியும், சார்ஜில் போடுவீர்கள். மாதக்கணக்கில் தொடாமல் இருப்பவர்கள் கையில் இதன் பேட்டரி மெல்ல இறங்கும். மின்னணுச் சுவிட்ச் உள்ளவற்றில், அணைந்திருக்கும்போதும் துளி மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அடியோடு தீர்ந்து நெடுநாள் கிடந்த லித்தியம் அயான் மறுபடி சார்ஜ் ஏறாமலே போகலாம்.

வெயில் இதன் இன்னொரு எதிரி. அக்கினி நட்சத்திர நாளில் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிறுத்திய வண்டியிலேயே சாவியை விட்டுப் போகாதீர்கள் என்பது திருட்டுக்காக மட்டுமல்ல. சூட்டில் லித்தியம் அயானின் ஆயுள் வேகமாகக் குறைகிறது. சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு கொள்ளளவு குறையும். பெரும்பாலானவற்றில் பேட்டரியை மாற்ற வழி கிடையாது. மூன்று, நான்கு ஆண்டுகளில் விளக்கையே மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் துவாரத்தையும் பாருங்கள். ரப்பர் மூடி இல்லாத துவாரத்தில் பைக்குள்ளிருக்கும் பஞ்சு, வியர்வை, உப்பு எல்லாம் சேரும். இன்னொன்றைப் பலர் வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்: டைப் சி துவாரம் இருந்தாலும், சில சிறிய விளக்குகளில் அதற்கு உரிய இரண்டு மின்தடைகளை வைக்காமல் விட்டிருப்பார்கள். அவை இருபுறமும் டைப் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது; பழைய அகல யு.எஸ்.பி. முனை ஒரு பக்கம் இருக்கும் கேபிளில்தான் ஏறும். புதுச் சார்ஜர் மட்டும் வைத்திருப்பவர் விளக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்.

புயல் நாளில் இது பயன்படாது என்று சொல்ல மாட்டேன். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஒன்று வீட்டில் இருந்தால், இந்தக் குட்டிப் பேட்டரியை இருபது, முப்பது முறை நிரப்பலாம். பவர் பேங்க் இல்லாத வீட்டில், முதல் இரவோடு இதன் கதை முடிந்தது.

நிறமும் ஒரு செலவு

வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் 2014 இயற்பியல் நோபல் பரிசை அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் பெற்றார்கள். மலிவான விளக்குகளில் நீலமும் மஞ்சளும் தாராளமாக இருக்கும், சிவப்பு மட்டும் குறைவாக இருக்கும். அந்த ஒளியில் இரத்தம் பழுப்பாகத் தெரியும். மண் நிறமும் கண்ணாடிவிரியனின் நிறமும் ஒன்றாகத் தெரியும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்ற அளவு உண்டு, அதில் உச்சம் 100. சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று எழுதிய விளக்கு சில லூமன் குறைவாகத் தரும், விலையும் கொஞ்சம் கூடும். நான் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

மூவருக்கும், ஆயாவுக்கும்

முதுநகர் அத்தைக்குக் கேள்வியே நிறத்தைப் பற்றியதுதான். "கண்ணு, விடிவதற்கு முன் துறைமுகத்தில் ஏலம் எடுக்கிறேன். செவுள் சிவப்பாக இருக்கிறதா, பழசா என்று அந்த வெள்ளை விளக்கில் தெரியவே மாட்டேன் என்கிறது" என்றார். அவருக்கு சி.ஆர்.ஐ. கூடிய ரிமோட் செல் விளக்கு, திருகும் வகை அல்ல, பின்பக்கம் அமுக்கும் சுவிட்ச் உள்ளது, ஐ.பி.எக்ஸ். 7க்குக் குறையாமல். நிக்கல் ரீசார்ஜ் செல் இரண்டு, ஒன்று விளக்கில், ஒன்று சார்ஜரில். வீட்டுக்கு வந்ததும் விளக்கையும் குழாய் நீரில் கழுவிவிடச் சொன்னேன்.

அண்ணிக்கு இரண்டு வயதுப் பெண் குழந்தை. பட்டன் செல்லை அங்கேயே அடித்துவிட்டேன். "தினமும் இரவு போனைச் சார்ஜில் போடுகிறேன், தம்பி. வாரம் ஒரு நாள் இதையும் போடமாட்டேனா?" என்றார். அவர் சொன்னால் செய்வார். ரப்பர் மூடி போட்ட சார்ஜ் விளக்கு, ஒரு லூமன் நிலையோடு. இரவில் குழந்தைக்குத் துணி மாற்ற அதுவே போதும்.

தம்பியிடம் முதலில் சொன்னது, ஆலைக்குள் எதையும் எடுத்துப் போகாதே என்று. எளிதில் தீப்பற்றும் ஆவி இருக்கக்கூடிய பகுதிகளில் சாதாரண டார்ச்சுக்கு அனுமதி கிடையாது; அதற்கென்று சான்றளித்த பாதுகாப்பு விளக்குகள் தனியாக உண்டு, அதை ஆலையே தரும். வீட்டில் கேஸ் நெடி அடித்தாலும் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது என்பது இதே காரணத்தால்தான். இரவு ஷிப்டு முடிந்து இருட்டில் பஸ்சுக்கு நடக்கும் வழிக்கு மட்டும் அவனுக்குச் சார்ஜ் வகை. தினமும் அரை மணி நேரம் எரிப்பவனுக்கு வேறு எதுவும் கட்டுப்படியாகாது.

ஆயாவுக்கு யாரும் கேட்கவில்லை, நானே வாங்கினேன். அவர் இருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் திருக வராது, சார்ஜ் துவாரம் கண்ணுக்குத் தெரியாது. அமுக்கினால் எரியும் பட்டன் செல் விளக்கு, மூடியில் திருகாணி உள்ளது. சாவி வளையத்தில் கோக்காமல், ஒரு சிவப்புக் கயிற்றில் கட்டிக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் தொங்கவிட்டேன். இருட்டில் கையை நீட்டினால் கயிறு முதலில் தட்டுப்படும்; அதைப் பிடித்து இழுத்தால் விளக்கு கைக்கு வந்துவிடும்.